வாக்குச்சீட்டு இல்லாத மாநகரம்: புக்கிட் கியாரா நமக்குச் சொல்வது என்ன?

கோலாலம்பூர் டத்தோ பண்டாரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, அல்லது இப்போதுள்ள நியமன முறையே தொடர வேண்டுமா என்ற விவாதம் மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. அரசியல் கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. இனக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம் மக்களிடையே இதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. "பொதுத் தேர்தலே போதாதா, இன்னொரு தேர்தல் எதற்கு?" என்று கேட்டுவிட்டுக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

அப்படிக் கடந்து போக முடியாத விஷயம் இது. வீட்டு வாசலில் அடைத்துக் கிடக்கும் கால்வாய், அங்காடிக் கடைக்கான உரிமம், அடுக்குமாடியில் மாதக் கணக்கில் ஓடாத மின்தூக்கி, பக்கத்துக் காலி நிலத்தில் திடீரென எழும் 40 மாடிக் கட்டடம், கோயில் நிலம், மதிப்பீட்டு வரி என்று நம் அன்றாட வாழ்க்கையைத் தொடும் முடிவுகளில் பெரும்பகுதி புத்ராஜெயாவில் எடுக்கப்படுவதில்லை. அவை ஊராட்சி மன்ற அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. அங்கே அமர்ந்திருப்பவர்களில் ஒருவரைக்கூட நாம் தேர்ந்தெடுக்கவில்லை.

இதன் பொருள் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, தோட்டத்து மக்களும் பட்டணத்து மக்களும் ஒரே நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்ட ஒரு வழக்கைப் பார்ப்போம்.

கோலாலம்பூரின் தனி நிலை

முதலில் தலைநகரின் நிர்வாகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிற ஊர்களில் நகராண்மைக் கழகத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ உறுப்பினர்கள் இருப்பார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி, தலைவரைத் தவிர்த்து 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். மக்கள் தேர்ந்தெடுக்காவிட்டாலும் கேள்வி கேட்க ஓர் ஆள் அங்கே உண்டு.

கோலாலம்பூரில் அதுவும் இல்லை. 1960ஆம் ஆண்டு கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம், மாநகரை நிர்வகிக்கும் அதிகாரம் முழுவதையும் ஒரே பதவியில் குவித்து வைத்திருக்கிறது. அந்தப் பதவிதான் டத்தோ பண்டார். அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு இருக்கிறது. ஆனால் அது ஆலோசனைக் குழு மட்டுமே. ஒரு திட்டத்தைக் குழு ஏற்கவில்லை என்றால் அது நின்றுவிடும் என்ற நிலை இல்லை.

1974 பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமானது. அன்று முதல் இங்கே வாழ்பவர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. கிள்ளானிலோ ஈப்போவிலோ இருப்பவருக்குப் பொதுத் தேர்தல்களில் இரண்டு வாக்கு, கோலாலம்பூர்க்காரருக்கு ஒன்றுதான். 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். டத்தோ பண்டாருக்கு அவர்கள் கடிதம் எழுதலாம், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். மாநகர் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தை வாக்கெடுப்பில் நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

நாட்டின் மிகப் பெரிய மாநகரில் வாழும் குடிமகனுக்கு, தன் தெருவைப் பற்றிய முடிவில் மிகக் குறைந்த குரல். இந்த முரண்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் புக்கிட் கியாரா ஒரு சாட்சி.

தோட்டம் போனது, வாக்குறுதி நின்றது

இன்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்றும் புக்கிட் கியாரா என்றும் அறியப்படும் பகுதியில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. பால் மரம் சீவிய நம் மக்கள் அங்கே தலைமுறையாக வாழ்ந்தார்கள். அரசாங்கம் தோட்ட நிலத்தை எடுத்துக்கொண்டபோது, அந்தக் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அது தற்காலிக ஏற்பாடு, நிரந்தர வீடு பின்னால் வரும் என்று சொல்லப்பட்டது.

அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது. சுமார் நூறு குடும்பங்கள். அங்கே குடிவந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கிவிட்டார்கள். சுற்றிலும் கோல்ஃப் திடலும் குதிரையேற்ற மையமும் சொகுசு அடுக்குமாடிகளும் எழும்பின. அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட வீடு மட்டும் எழும்பவில்லை.

இந்த நீண்ட வீடுகளை ஒட்டியே தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 25 ஏக்கர். கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டத்தில் அது பொதுப் பசுமைப் பகுதி. 2017 ஜூலையில் அங்கே 12 ஏக்கர் நிலத்தில் ஒரு பெரும் திட்டத்துக்கு டத்தோ பண்டார் அனுமதி அளித்தார். 1,766 சேவை அடுக்குமாடி வீடுகள் கொண்ட எட்டுக் கட்டடங்கள், அவற்றோடு 350 கட்டுப்படி விலை வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்று. நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கு அந்த ஒற்றைக் கட்டடத்தில் இடம் தருவதாகச் சொல்லப்பட்டது.

கணக்கை ஒரு முறை பார்த்துவிடுவோம். நூறு குடும்பங்களுக்கு வீடு கொடுக்க வேண்டிய கடமை அரசாங்கத்துடையது. அந்தக் கடமையை நிறைவேற்றுவதற்காக ஒரு பொதுப் பூங்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட வேண்டும் என்றால், நூறு வீடு எந்த மூலைக்கு? தோட்டத்து மக்களின் நியாயமான கோரிக்கை, அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு வணிகத் திட்டத்துக்கு முகப்புப் பலகையாக மாட்டப்பட்டது என்ற விமர்சனம் எழுந்ததில் வியப்பில்லை.

இரண்டு தரப்பும் நம் அண்டை வீட்டாரே

பூங்காவை இழக்கப் போகிறோம் என்று தாமான் துன் வட்டாரக் குடியிருப்பாளர்கள் 2017 ஆகஸ்டில் நீதிமன்றம் சென்றார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. விவகாரம் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அங்கே குடியிருப்பாளர்களை எதிர்த்து மேல்முறையீடு செய்த தரப்பில் டத்தோ பண்டார், கூட்டரசுப் பிரதேச அறவாரியம், மேம்பாட்டு நிறுவனம் ஆகியவற்றோடு நீண்ட வீட்டு மக்களின் சங்கமும் இருந்தது.

இந்த வழக்கில் நம்மை அதிகம் உறுத்த வேண்டிய இடம் இதுதான். பூங்காவைக் காக்கப் போராடியவர்கள் சட்டத்தை மீறவில்லை. வீடு கேட்டு நின்ற தோட்டத்துக் குடும்பங்களும் பேராசைக்காரர்கள் இல்லை. இரு தரப்புமே மாநகர நிர்வாகம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாததால் பாதிக்கப்பட்டவர்கள். ஆனால் நீதிமன்றத்தில் அவர்கள் எதிரெதிர் வரிசையில் நின்றார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊரை இரண்டாக்கியதே திட்டம்தான்.

2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு, மாநகரத் திட்டமிடலில் ஒரு திருப்புமுனை. கட்டமைப்புத் திட்டம் என்பது டத்தோ பண்டார் விரும்பினால் பின்பற்றவும் வேண்டாமென்றால் ஒதுக்கவும் கூடிய வெறும் வழிகாட்டி அல்ல, அது அவரைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் கூறியது. அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும். பாதிக்கப்படும் அண்டை நில உரிமையாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். திட்டத்தில் பங்காளியாக இருந்த அறவாரியத்தின் பொறுப்பிலும் டத்தோ பண்டார் இருந்து, அத்திட்டத்துக்கு அனுமதி வழங்குபவராகவும் அவரே இருந்தது நலன் முரண்பாடு என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது.

பூங்கா காப்பாற்றப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தத் தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள் உள்ளன.

ஒன்று, காலம். அனுமதி கொடுத்தது 2017இல், இறுதித் தீர்ப்பு 2023இல். கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் வழக்கறிஞர் வைத்து, பணம் திரட்டி, கூட்டம் போட்டுப் போராடும் வசதி தாமான் துன் மக்களுக்கு இருந்தது. செந்தூலிலோ ஜிஞ்சாங்கிலோ அடுக்குமாடியில் வாழும் நம் குடும்பங்களுக்கு அது இருக்குமா?

இரண்டு, தகுதி. 'அண்டை நில உரிமையாளர்' என்ற தகுதி நிலப்பட்டா வைத்திருப்பவருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கும் நீண்ட வீட்டில் இருப்பவருக்கும் அப்படி ஒரு பத்திரம் கிடையாது. திட்டமிடல் சட்டம் காது கொடுப்பது பத்திரம் வைத்திருப்பவருக்கு. வாக்குச்சீட்டு அப்படிப் பேதம் பார்ப்பதில்லை. பங்களா வீட்டுக்காரருக்கும் லயத்து வீட்டுக்காரருக்கும் ஆளுக்கு ஒன்றுதான்.

மூன்று, தீர்வு. நீதிமன்றம் ஒரு தவறான முடிவை ரத்து செய்ய முடியும், சரியான முடிவை எடுத்துத் தர முடியாது. திட்டம் விழுந்தபோது தோட்டத்துக் குடும்பங்களின் வீட்டுக் கனவும் அதோடு சேர்ந்து விழுந்தது. அவர்களுக்கு வீடு கட்டித் தருவது நீதிபதிகளின் வேலை அல்ல. அது நிர்வாகத்தின் வேலை. நிர்வாகத்தை விரட்டி வேலை வாங்க அந்த மக்களிடம் என்ன கருவி இருந்தது?

நிலம் விற்கப்பட்ட செய்தி

ஜாலான் மஸ்ஜிட் இந்தியா விவகாரமும் இதே கேள்வியைத்தான் எழுப்பியது. தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இருந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014ஆம் ஆண்டிலேயே ஒரு தனியார் ஜவுளி நிறுவனத்துக்கு விற்றிருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரிந்தது 2025 தொடக்கத்தில், அங்கே பள்ளிவாசல் எழுப்பும் திட்டம் செய்தியான பிறகு. கடைசியில் அருகிலேயே மாற்று இடம் தருவதாக உடன்பாடு ஏற்பட்டு ஆலயம் இடம் மாற ஒப்புக்கொண்டது. 2025 மார்ச் 27ஆம் தேதி பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அந்த நாள்களில் சமூக ஊடகங்களில் ஓடிய இனவாதப் பேச்சுகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நிமிடம் நிதானித்துப் பார்த்தால், பிரச்சினையின் வேர் 2014இல் இருக்கிறது. ஆலயம் நிற்கும் பொது நிலத்தை விற்கலாமா என்ற கேள்வி, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அமர்ந்திருக்கும் ஒரு மன்றத்தின் திறந்த கூட்டத்தில் வந்திருந்தால், அன்றைக்கே யாராவது ஒருவர் எழுந்து "அங்கே கோயில் இருக்கிறதே" என்று சொல்லியிருப்பார். விற்பனை நின்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 11 ஆண்டுகள் கழித்து இரு சமயத்தாரை எதிரெதிரே நிறுத்தும் அளவுக்கு அது முற்றியிருக்காது.

ஒரு காலத்தில் இருந்தது

ஊராட்சி மன்றத் தேர்தல் நம் நாட்டுக்குப் புதிதல்ல. சுதந்திரத்துக்கு முன்பே இருந்தது. 1951 டிசம்பரில் பினாங்கு ஜோர்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரி 16ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்தது. பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் என நான்கு வட்டாரங்கள், வட்டாரத்துக்கு மூவர் என மொத்தம் 12 இடங்கள். அம்னோவும் மசீசவும் முதன்முதலாகக் கைகோத்து நின்று 9 இடங்களை வென்றது இந்தத் தேர்தலில்தான். பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணி அரசியலின் விதை ஒரு நகராட்சித் தேர்தலில் விழுந்தது என்பதை இன்று பலர் நினைவில் வைத்திருப்பதில்லை.

நம்மவர்களின் தடமும் அதில் ஆழமாகவே பதிந்திருக்கிறது. 1957இல் ஜோர்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாநகரில் ஒரு தமிழர் மேயர். ஈப்போ நகராட்சி, சீனிவாசகம் சகோதரர்கள் தலைமை தாங்கிய மக்கள் முற்போக்குக் கட்சியின் கையில் இருந்தது. அங்கேயும் வாக்காளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். குப்பை எடுப்பவரும் கடை நடத்துபவரும் தங்களுக்கு வேலை செய்கிறவர் யார் என்று பார்த்துத்தான் வாக்களித்தார்கள்.

கோலாலம்பூரில் தேர்தல் முறை 1961இல் முடிவுக்கு வந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச் முதல் தேதி நாடு முழுவதும் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகமாக என்றுதான் அப்போதும் சொன்னார்கள்.

நிறுத்திய பிறகு, ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.வின் மூத்த தலைவர்களுள் ஒருவர், ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனின் கணவர். ஆணையம் 1968இல் அறிக்கையை முடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் இருந்தன என்பதை அது மறைக்கவில்லை. ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் முறையே திரும்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை 1971இல்தான் வெளியிடப்பட்டது. அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கான கதவை முற்றாக அடைத்தது.

ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஒரு தமிழர் தலைமையேற்ற ஆணையம், தன் அரசாங்கத்துக்கே பிடிக்காத உண்மையை எழுதிக் கொடுத்தது. நம் அரசியல் வரலாற்றில் நாம் பெருமையோடு எடுத்துச் சொல்ல வேண்டிய ஆவணம் அது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ஏன் திரும்பவில்லை?

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2008 பொதுத் தேர்தலுக்குப் பின் பினாங்கு மாநில அரசு இதைக் கையில் எடுத்தது. 2012இல் மாநிலச் சட்டமன்றத்தில் ஊராட்சி மன்றத் தேர்தல் சட்டத்தையே நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்த முயற்சியை நிராகரித்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்வரை ஒரு மாநிலம் தனித்து எதுவும் செய்ய முடியாது என்பது தெளிவானது. 2018இல் ஆட்சி மாறியபோது, மூன்றாண்டுகளுக்குள் தேர்தலைக் கொண்டுவருவோம் என்று அப்போதைய வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் ஸுரைடா கமாருடின் கூறினார். அதே ஆண்டு இறுதியில் பிரதமர் துன் மகாதீர், இனங்களுக்கிடையே பிளவு உண்டாகும் என்று கூறி அதை மறுத்தார்.

மறுப்பவர்களின் அச்சத்தைக் கேலி செய்வதில் பயனில்லை. பட்டணங்களில் சீன வாக்காளர்கள் கூடுதலாக இருப்பதால் மாநகர அதிகாரம் ஒரே இனத்தின் கைக்குப் போய்விடும் என்பது மலாய் அரசியல்வாதிகள் சிலரின் கவலை. இது அறுபதுகளின் கணக்கு. அன்றைய பட்டணங்களின் மக்கள்தொகை வேறு, இன்றைய பட்டணங்களின் மக்கள்தொகை வேறு. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடமைப்புப் பகுதிகளில் மலாய்க்காரர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். அடைத்த கால்வாயிலிருந்து வரும் வெள்ளம் வீட்டுக்காரர் எந்த இனம் என்று கேட்டுவிட்டு உள்ளே வருவதில்லை.

நம் கணக்கு என்ன?

அடுத்த கேள்வியை நாம்தான் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்தல் வந்தால் இந்தியர்களுக்கு நல்லதா?

நாட்டு மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. கோலாலம்பூரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நமக்குப் பெரும்பான்மை இல்லை. இப்போதைய நியமன முறையில் ஆளும் கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொரு மன்றத்திலும் சில இந்தியர்களுக்கு இடம் ஒதுக்குகின்றன. சிலாங்கூரில் இந்தியர் சமூகத் தலைவர்கள் தனியாக நியமிக்கப்படுகிறார்கள். தேர்தல் வந்தால் இந்த ஒதுக்கீடு போய்விடுமே என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல.

ஆனால் ஒதுக்கீட்டில் வந்தவர் யாருக்குப் பதில் சொல்வார்? சட்டப்படி அவருடைய பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகாது. மீண்டும் நியமிக்கப்படுவதும் உண்டு. அந்த நியமனம் கட்சியின் கையில் இருக்கிறது. நல்ல உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். இரவில் வெள்ளம் வந்தால் முதல் ஆளாக வந்து நிற்பவர்களை நம் வீடமைப்புப் பகுதிகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர்கள் நன்றாக உழைப்பது அவர்களின் நல்ல குணத்தால், முறையினால் அல்ல. உழைக்காதவரை மாற்ற நமக்கு வழியில்லை, உழைத்தவரைத் தக்கவைக்கவும் வழியில்லை.

ஆகவே தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்பதோடு, எந்த வகைத் தேர்தல் என்பதும் நமக்கு முக்கியம். வட்டாரத்துக்கு ஒருவர் என்று வைத்தால் சிதறி வாழும் சிறுபான்மையினர் காணாமல் போவார்கள். 1952இல் கோலாலம்பூரில் இருந்ததைப் போல வட்டாரத்துக்கு மூவர் என்றால், எல்லா இன வாக்கும் தேவைப்படும் கட்சிகள் கலப்பு வேட்பாளர் அணியை நிறுத்தும் கட்டாயம் கூடும். கட்சிகள் பெறும் வாக்கு விழுக்காட்டுக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் முறையும் உலகில் பல நாடுகளில் இருக்கிறது. ஒரு பகுதி உறுப்பினர்களைத் தேர்தல் வழியாகவும், மீதியைச் சிறுபான்மையினர், உடற்குறையுள்ளோர் போன்றோருக்கான நியமனமாகவும் வைக்கலாம் என்ற யோசனையும் சிந்திக்கத் தக்கது. இந்த விவாதத்தில் நம் கட்சிகளும் அரசு சாரா இயக்கங்களும் இப்போதே கலந்துகொள்ளாவிட்டால், விதிகளை மற்றவர்கள் எழுதி முடித்த பிறகு குறை சொல்வதுதான் மிஞ்சும்.

வரி நம்முடையது, கேள்வி யாருடையது?

பொறுப்புக் கேட்பது என்றால் என்ன என்பதை மதிப்பீட்டு வரி நன்றாகக் காட்டும். வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை மன்றம் வரியாகக் கேட்கிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 1,000 வெள்ளி வாடகை பெறும் என்று மதிப்பிடப்பட்ட வீட்டின் ஆண்டு மதிப்பு 12,000 வெள்ளி. வரி 4 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 480 வெள்ளி, அதை இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும்.

கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு மறுமதிப்பீடே செய்யாமல் இருந்துவிட்டு, 2014 முதல் புதிய மதிப்பை ஒரேயடியாக அமல்படுத்த மாநகர் மன்றம் முனைந்தது. 2013 இறுதியில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் குடியிருப்பு வீடுகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிலாங்கூரிலும் நீண்ட காலத்துக்குப் பிறகு 2025 முதல் வரி உயர்த்தப்பட்டது. உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டாது என்று மாநில அரசு உறுதி கூறியது.

வரி உயர்வே தவறு என்று சொல்வதற்கில்லை. குப்பை லாரிக்கும் தெரு விளக்குக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆனால் பல ஆண்டுகள் யாரும் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் உயர்த்துவது, வாக்காளரைச் சந்திக்கத் தேவையில்லாத நிர்வாகத்தின் பழக்கம். நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை வாக்குக் கேட்டு வர வேண்டியவர், ஏன் உயர்த்துகிறோம், அந்தப் பணத்தில் உங்கள் பகுதிக்கு என்ன செய்வோம் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

மாநகர் மன்றத்தின் வாடகை அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் சிக்கல். புறம்போக்கு வீடுகளிலிருந்து மாற்றப்பட்ட நம் குடும்பங்கள் பல, மாதம் 124 வெள்ளி வாடகையில் அங்கே வாழ்கின்றன. அங்கே வீட்டுச் சொந்தக்காரர் மாநகர் மன்றம். மின்தூக்கியைப் பழுது பார்க்க வேண்டியதும் அதுவே, புகார் வாங்குவதும் அதுவே. தன்னைப் பற்றிய புகாரைத் தானே விசாரிக்கும் முறையில் ஒரு புகார் எவ்வளவு வேகமாக நகரும் என்பதை அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்கும் முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போதே செய்யக் கூடியவை

தேர்தல் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சட்டம் இன்றைக்கும் சில கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. நாம்தான் அவற்றைத் தட்டுவதில்லை.

முதலாவது, 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. மன்றம் அந்தக் கூட்டத்திலேயே வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் முழுக் கூட்டங்களைப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் பார்க்கலாம். கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, சிரம்பான், ஈப்போ என எந்த ஊராக இருந்தாலும், கூட்டம் எப்போது என்று கேட்டு, நான்கு பேர் போய் உட்கார்ந்தாலே உறுப்பினர்களின் பேச்சில் மாற்றம் தெரியும்.

இரண்டாவது, வரி மறுமதிப்பீட்டு அறிவிப்பு வந்தால் ஆட்சேபிக்கும் உரிமை. அறிவிப்பில் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் எழுத்து மூலம் தர வேண்டும். நாள் தவறினால் உரிமையும் போகும். முதியவர்கள் வீட்டுக்கு வரும் இந்தக் கடிதங்களைப் பிள்ளைகள் படித்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, திட்ட வரைவுகள். கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டத்தின் முந்தைய வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அரசிதழில் ஏறியதோ 2018இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் எத்தனையோ அனுமதிகள் கொடுக்கப்பட்டுவிட்டன. 2040ஆம் ஆண்டுக்கான புதிய உள்ளூர்த் திட்டம் 2025இல் அரசிதழில் இடம்பெற்றுவிட்டது. நம் ஆலயம், தமிழ்ப்பள்ளி, மயானம், திடல் ஆகியவை அந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று ஆலய நிர்வாகங்களும் பள்ளி வாரியங்களும் உடனே பார்க்க வேண்டும். கட்டமைப்புத் திட்டம் டத்தோ பண்டாரைக் கட்டுப்படுத்தும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, திட்ட வரைபடங்களின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. அது நமக்குச் சாதகமாகவும் இருக்கலாம், பாதகமாகவும் இருக்கலாம்.

நான்காவது, அடையாள அட்டை முகவரி. 2021 டிசம்பர் முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. அடையாள அட்டையில் எந்த முகவரியோ அங்கேதான் வாக்கு. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் பழைய தோட்ட முகவரியை மாற்றாதவர்கள் நம்மில் உண்டு. நாளை ஊராட்சி மன்றத் தேர்தல் வந்தாலும், வாழும் இடத்தில் அவர்களுக்கு வாக்கு இருக்காது.

ஐந்தாவது, சேர்ந்து நிற்பது. பூங்காவுக்காக நின்றவர்களும் வீட்டுக்காக நின்றவர்களும் 2017இல் ஒரே மேசையில் உட்கார்ந்து, "பூங்காவும் வேண்டும், இவர்களுக்கு வீடும் வேண்டும், நீண்ட வீடுகள் இருக்கும் இடத்திலேயே கட்டிக் கொடுங்கள்" என்று ஒரே கோரிக்கையாக வைத்திருந்தால், மாநகர் மன்றத்துக்குத் தப்பிக்க இடம் இருந்திருக்காது. குடியிருப்பாளர் சங்கங்களில் நம்மவர்கள் சேர்வதில்லை, சேர்ந்தாலும் ஆலயக் குழுவோடு நின்றுவிடுகிறார்கள் என்ற குறையை மாற்ற வேண்டியது நாம்தான்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வந்தால் நாளையே கால்வாய் சுத்தமாகிவிடும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது. தேர்தலில் பணம் விளையாடலாம், இனப் பேச்சு ஓங்கலாம், தகுதியில்லாதவர் வெல்லலாம். ஆதி நாகப்பன் ஆணையமும் பழைய மன்றங்களின் குறைகளைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பரிந்துரையை எழுதியது. தேர்ந்தெடுத்தவர் தவறினால் அடுத்த முறை மாற்றலாம். நியமிக்கப்பட்டவர் தவறினால் நீதிமன்றப் படி ஏற வேண்டும், அல்லது நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். புக்கிட் கியாராவில் ஒரு தரப்பு முதலாவதைச் செய்தது, இன்னொரு தரப்பு இரண்டாவதைச் செய்தது. மூன்றாவது வழி ஒன்று வேண்டுமா என்பதைத்தான் இப்போது நாடு விவாதிக்கிறது.